பழைய காரின் பிரேக் சத்தமும் ஏ.சி. கோளாறும்: எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

பத்துப் பதினைந்து ஆண்டு ஓடிய கார்களில் அடிக்கடி கேட்கும் புகார்கள் இரண்டு. பிரேக் சத்தம் போடுகிறது, ஏ.சி. முன்புபோல் குளிர்வதில்லை. இரண்டுக்கும் தயாராக ஒரு பதில் எல்லோரிடமும் இருக்கும்: ‘பேட் மாற்றிவிடலாம்’, ‘கேஸ் நிரப்பிவிடலாம்’. (பேட் என்பது பிரேக்கில் உரசித் தேயும் பாகம்; கேஸ் என்பது ஏ.சி.க்குள் சுற்றும் குளிரூட்டும் வாயு.) சில நேரம் அந்தப் பதில் சரியாகவே அமைந்துவிடும். ஆனால் புதிய பேட் போட்ட பிறகும் அதே சத்தம் தொடர்வதும், நிரப்பிய கேஸ் சில மாதங்களில் காணாமல் போவதும் பழைய கார் வைத்திருப்பவர்களுக்குப் பழகிய கதை. பணம் போனதுகூடப் பெரிதில்லை. உண்மையான கோளாறு யார் கண்ணிலும் படாமல் உள்ளேயே இருந்துவிடுகிறதே, அதுதான் கவலை.

ஸ்பேனரை எடுப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: எப்போது? பிரேக்கை மிதிக்கும்போதா, காலை எடுத்த பிறகா? காலையில் முதல் சில நிமிடம் மட்டுமா, அரை மணி நேரம் ஓடிய பிறகா? நேராகப் போகும்போதா, வளைவிலா? நெரிசலில் நிற்கும்போதா, வேகமாகப் போகும்போதா?

இந்தக் கேள்விக்கு இவ்வளவு மதிப்பு ஏன் என்றால், காரின் ஒவ்வொரு பாகத்துக்கும் சுமை ஏறும் நேரம் வேறு. பேட் டிஸ்க்கை இறுக்கிப் பிடிப்பது பெடலை மிதிக்கும்போது மட்டும். சக்கரத்தின் பேரிங் கார் நகரும் நேரமெல்லாம் சுழல்கிறது. சக்கரத்தைக் காரோடு இணைத்துக் குலுக்கலைத் தாங்கும் சஸ்பென்ஷனின் ரப்பர் புஷ்களுக்கு வேலை வருவது காரின் எடை முன்னும் பின்னும் சாயும்போது. ரேடியேட்டருக்கு முன்னால் இருந்து ஏ.சி.யின் வெப்பத்தை வெளியேற்றும் கண்டென்சருக்கு மின்விசிறியின் தயவு மிகவும் தேவைப்படுவது கார் நிற்கும்போது. சத்தம் வரும் நேரத்தைச் சரியாகச் சொல்லிவிட்டால், சந்தேகப்பட வேண்டிய பாகங்கள் இரண்டு மூன்றாகச் சுருங்கிவிடும்.

பிரேக்கிலிருந்து தொடங்குவோம். உயிர் தொடர்பான பக்கம் அதுதான்.

பிரேக் எப்படி வேலை செய்கிறது?

பெரும்பாலான பழைய கார்களில் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக், பின்சக்கரங்களுக்கு டிரம் பிரேக். டிரம்மில், சக்கரத்தோடு சுழலும் உருளைக்குள் இருக்கும் ஷூக்கள் விரிந்து அதன் உட்சுவரை உரசும். சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் வார்ப்பிரும்புத் தட்டுதான் டிஸ்க். அதைக் கவ்வியபடி ஒரு காலிப்பர் உட்கார்ந்திருக்கும். காலிப்பருக்குள் டிஸ்க்கின் இருபுறமும் இரண்டு பேட்கள். பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலின் அழுத்தம் காலிப்பரில் உள்ள பிஸ்டனைத் தள்ளுகிறது; பிஸ்டன் உள்பக்கப் பேட்டைத் தள்ளுகிறது. காலிப்பர் இரண்டு வழுக்குப் பின்கள் மீது நகரக்கூடியது என்பதால், அது பின்னோக்கி வழுக்கி வெளிப்பக்கப் பேட்டையும் டிஸ்க்கோடு சேர்த்து இழுக்கிறது. இப்படித்தான் ஒரே பிஸ்டன் இரண்டு பேட்களையும் இயக்குகிறது. இந்தப் பின்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய கார்களில் பாதித் தொல்லை அவற்றிலிருந்துதான் வருகிறது.

கிறீச்சிடும் சத்தம்

மெல்லிய, காதைத் துளைக்கும் கிறீச் சத்தத்துக்கு முதலில் சந்தேகப்பட வேண்டியது தேய்ந்த பேட். பல பேட்களில் ஒரு சிறு எஃகுத் தகடு பொருத்தப்பட்டிருக்கும். புதிய பேட்டின் உராய்வுப் பொருள் சுமார் 10 முதல் 12 மி.மீ. தடிமன் இருக்கும். அது 2 அல்லது 3 மி.மீ. அளவுக்குத் தேய்ந்ததும் அந்தத் தகடு டிஸ்க்கை உரசத் தொடங்கும். வேண்டுமென்றே வைத்த எச்சரிக்கை ஒலி அது. பல கார்களில் பெடலைத் தொடாமல் ஓட்டும்போதே இந்தச் சத்தம் கேட்கும். மிதித்தால் மாறும் அல்லது நின்றுவிடும். ‘பிரேக் பிடித்தால் சத்தம் போய்விடுகிறது, அதனால் பிரேக் நன்றாகத்தான் இருக்கிறது’ என்று பலர் முடிவு கட்டுவது இந்த இடத்தில்தான். அந்த முடிவு தவறு.

பேட்டைப் பார்க்க எப்போதும் சக்கரத்தைக் கழற்ற வேண்டியதில்லை. கார் நன்றாக ஆறிய பிறகு, அலாய் சக்கரமாக இருந்தால் அதன் இடைவெளி வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். டிஸ்க்கின் விளிம்புக்கு மேலே காலிப்பர் தெரியும். காலிப்பருக்கும் டிஸ்க்குக்கும் நடுவே முதலில் ஓர் எஃகுத் தகடு, அதை ஒட்டி சற்று மங்கலான நிறத்தில் உராய்வுப் பொருள். அளக்க வேண்டியது இரண்டாவதை மட்டும். எஃகுத் தகட்டையும் சேர்த்துப் பார்த்துவிட்டுத் தடிமனாக இருக்கிறது என்று ஏமாந்துவிடக் கூடாது. 3 மி.மீ.க்கு வந்துவிட்டால் மாற்றும் நேரம்.

ஆனால் இப்படிப் பார்த்தால் தெரிவது வெளிப்பக்கப் பேட் மட்டும். வழுக்குப் பின்கள் துருப்பிடித்தோ கிரீஸ் வறண்டோ இறுகிப்போனால், காலிப்பர் நகராது. அப்போது பிஸ்டன் தள்ளும் உள்பக்கப் பேட் தனியாக எல்லா வேலையையும் செய்து வேகமாகத் தேயும். வெளியே 7 மி.மீ. இருக்கும்போது உள்ளே இரும்பு தெரியும் நிலை வந்திருக்கலாம். ஆகவே சத்தம் இருந்தால், வெளிப்பேட் நன்றாகத் தெரிந்தாலும் சக்கரத்தைக் கழற்றி இரண்டையும் பார்த்தே ஆக வேண்டும். ஒரு பேட் மட்டும் அதிகம் தேய்ந்திருந்தால், புதிய பேட் செட் போடுவதோடு வேலை முடியாது. பின்களைக் கழற்றிச் சுத்தம் செய்து, அவற்றுக்கான கிரீஸைத் தடவி, கையால் தள்ளினாலே காலிப்பர் சுலபமாக வழுக்குகிறதா என்று பார்க்க வேண்டும். இதைச் செய்யாமல் பேட் மட்டும் மாற்றினால், புதியதும் அதே கோணலில் தேயும்.

பேட் போதிய தடிமனோடு இருந்தும் கிறீச்சிட்டால், அது பெரும்பாலும் அதிர்வுச் சத்தம். பேட் டிஸ்க்கைப் பிடித்து விட்டு, பிடித்து விட்டு மிக வேகமாக அதிர்கிறது. பேட்டின் முதுகில் இருக்க வேண்டிய மெல்லிய ஷிம் தகடு காணாமல் போயிருக்கலாம். பேட்டைப் பிடித்திருக்கும் கிளிப்கள் தளர்ந்திருக்கலாம். நீண்ட இறக்கத்தில் விடாமல் பிரேக் பிடித்ததால் பேட்டின் முகம் சூடேறிக் கண்ணாடிபோல் வழவழப்பாகியிருக்கலாம். உலோகத் துகள் அதிகம் கலந்த பேட்கள் இயல்பாகவே கொஞ்சம் சத்தம் போடும். இவை எரிச்சல் தரும், ஆபத்து குறைவு. சத்தம் போகட்டும் என்று பேட்டின் முகத்திலோ டிஸ்க்கிலோ எண்ணெய், கிரீஸ் எதையும் தடவிவிடாதீர்கள். சத்தத்தோடு பிரேக்கும் போய்விடும்.

கரகரவென்று அரைத்தால்

பெடலை மிதிக்கும்போது இரும்பை இரும்பு அரைக்கும் ஒலி கேட்டு, அந்த அதிர்வு காலுக்கும் வந்தால், பேட்டின் உராய்வுப் பொருள் தீர்ந்து பின்தகடு டிஸ்க்கை அறுத்துக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த நிலையில் ‘வார இறுதியில் பார்க்கலாம்’ என்பது கூடாது. நிற்க எடுக்கும் தூரம் நீளும், டிஸ்க் பாழாகும், பிஸ்டன் அளவுக்கு மீறி வெளியே வந்து ஆயில் கசியவும் வாய்ப்புண்டு. காரை நிறுத்திவிட்டு, இழுவை வண்டியில் ஏற்றிப் போவதே முறை.

டிஸ்க்கும் தேய்கிற பொருள்தான். குறைந்தபட்சம் எத்தனை மி.மீ. இருக்க வேண்டும் என்பது பெரும்பாலும் டிஸ்க்கிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். சாதாரணக் கார்களில் புதிய டிஸ்க்கிலிருந்து சுமார் 2 மி.மீ. வரைதான் தேய அனுமதி. ஆறிய டிஸ்க்கின் விளிம்பை விரலால் தடவினால், பேட் படாத ஓரத்தில் ஒரு வரப்பு தட்டுப்படும். அது உயரமாக இருந்தால், பேட் மாற்றும் அன்றே டிஸ்க்கையும் அளக்கச் சொல்லுங்கள். பேட், டிஸ்க் எதை மாற்றினாலும் இடம், வலம் இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் புதிதாக இருந்தால் பிரேக் பிடிக்கும்போது கார் ஒரு பக்கமாக இழுக்கலாம்.

அச்சுறுத்தும், ஆனால் அப்பாவிச் சத்தங்கள்

மழை பெய்த இரவுக்கு அடுத்த காலையில் காரை எடுத்ததும் ஒரு கரகரப்பு, நான்கைந்து முறை பிரேக் பிடித்ததும் மறைந்துவிடுகிறதா? வார்ப்பிரும்பு டிஸ்க்கில் இரவோடு இரவாக ஏறிய மெல்லிய துருதான் அது. பேட் அதை வழித்துவிட்டது. கவலை வேண்டாம். மாதக்கணக்கில் நின்ற காரில் துரு ஆழமாக இறங்கியிருக்கும். அங்கே டிஸ்க்கைக் கழற்றிப் பார்ப்பது நல்லது.

கரடுமுரடான சாலையில் போய்வந்த பிறகு திடீரென ஒரு சக்கரத்திலிருந்து தகரத்தைக் கீறுவதுபோல் ஓயாத சத்தம் வந்தால், டிஸ்க்குக்குப் பின்னால் இருக்கும் தூசித் தடுப்புத் தகட்டைப் பாருங்கள். இடையில் சிறு கல் சிக்கியிருக்கும், அல்லது தகடு வளைந்து டிஸ்க்கைத் தொட்டுக்கொண்டிருக்கும். கேட்பதற்குப் பயங்கரம், கையால் கல்லை எடுத்து, தகட்டை நிமிர்த்தினால் தீர்ந்தது. ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள காரில் வழுக்கும் சாலையில் அழுத்திப் பிரேக் பிடிக்கும்போது பெடல் படபடவென்று துடித்தால், அது இயல்பு. காலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

பிரேக்கின் மேல் விழும் வீண்பழி

பிரேக் பிடித்த கணத்தில் ‘தடக்’ என்று ஒரே ஒரு முறை தட்டும் சத்தம் பேட்டிலிருந்தும் வரலாம், காலிப்பர் போல்ட் தளர்ந்தும் வரலாம். ஆனால் பழைய காரில் சஸ்பென்ஷன் ஆர்மின் ரப்பர் புஷ் நைந்துபோயிருப்பதும் பால் ஜாயின்ட் (உருண்டை மூட்டு) ஆட்டம் கண்டிருப்பதும் அதே சத்தத்தைத் தரும். கார் முன்னால் சாயும்போது அந்தத் தளர்ந்த இணைப்பு இடம் மாறுகிறது. வேகத்தடையில் ஏறி இறங்கும்போதும் அதே தட்டல் கேட்டால், பிரேக்கை விட்டுவிட்டு சஸ்பென்ஷனைப் பாருங்கள்.

வேகம் கூடக்கூட உயரும் ரீங்காரம், பிரேக்கை மிதித்தாலும் மாறாமல் தொடர்ந்தால், பேரிங்கைச் சந்தேகிக்கலாம். பாதுகாப்பான, அகலமான வளைவில் கவனியுங்கள். வலப்பக்கம் திரும்பும்போது காரின் எடை இடச் சக்கரங்களின் மீது சாய்கிறது. அப்போது இரைச்சல் கூடினால் இடப்பக்க பேரிங்தான் பெரும்பாலும் காரணம். டயர் சீரில்லாமல் தேய்ந்தாலும் இதே மாதிரி இரையும். டயரின் முகத்தைக் கையால் தடவிப் பார்த்தால் மேடு பள்ளம் தெரிந்துவிடும்.

அதிர்வுக்கும் ஒரு வார்த்தை. வேகமாகப் போகும்போது பிரேக் பிடித்தால் ஸ்டீயரிங் ஆடுகிறது என்றால் முன் டிஸ்க், இருக்கையும் பெடலும் மட்டும் துடித்தால் பின்பக்கம் என்பது பொதுவான கணக்கு. ‘டிஸ்க் வளைந்துவிட்டது’ என்பார்கள். பெரும்பாலும் அது வளைவதில்லை. தேய்மானத்தாலோ பேட் பொருள் திட்டுத்திட்டாக ஒட்டிக்கொண்டதாலோ அதன் தடிமன் ஒரு சுற்றுக்குள்ளேயே சீரில்லாமல் போகிறது. ஒரு மி.மீ.யில் நூறில் சில பங்கு வேறுபாடே காலுக்குத் தெரியும். புதிய டிஸ்க் போடும்போது அது உட்காரும் ஹப்பின் (சக்கரத்தின் நடுத் தாங்கி) முகத்தில் துரு இருந்தாலும் இதே நிலை திரும்ப வரும். அந்த இடத்தைக் கம்பித் தூரிகையால் தேய்த்த பிறகுதான் டிஸ்க்கைப் பொருத்துகிறார்களா என்று நின்று பாருங்கள்.

டிரம் பிரேக்கைத் திறக்கும்போது ஒரே ஓர் எச்சரிக்கை. மிகப் பழைய கார்களின் ஷூவிலும் பேட்டிலும், மூச்சில் போனால் கெடுதலான கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருந்திருக்கலாம். உள்ளே சேர்ந்திருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதக் கூடாது. பிரேக் கிளீனரால் நனைத்துத் துடைக்க வேண்டும். டிரம்முக்குள் ஈரம் தெரிந்தால் ஷூக்களைத் தள்ளும் வீல் சிலிண்டர் கசிகிறது என்று பொருள். சத்தம் சின்னதாக இருந்தாலும் வேலை பெரியது.

சத்தமே இல்லாத கோளாறு

பிரேக்கில் எனக்கு அதிகம் பயம் தருபவை சத்தம் போடாதவை. சிறிது தூரம் ஓட்டிவிட்டு இறங்கி, நான்கு சக்கரத்துக்கும் அருகில் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனல் வீசினால், அங்கே பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. கருகிய வாடையும், கார் ஒரு பக்கம் இழுப்பதும், எரிபொருள் கூடுதலாகச் செலவாவதும் இதன் கூட்டாளிகள். காரணம் இறுகிய பிஸ்டனாக இருக்கலாம், வழுக்குப் பின்களாக இருக்கலாம். பழைய காரில் மூன்றாவதாக ஒன்றும் உண்டு: பிரேக் ஆயில் போகும் ரப்பர் குழாய் உள்ளுக்குள் உப்பிப்போய், மிதிக்கும்போது ஆயிலை உள்ளே விட்டு, காலை எடுத்ததும் திரும்ப விடாமல் தடுப்பது. வெளியிலிருந்து பார்த்தால் குழாய் நன்றாகத்தான் தெரியும். அனுபவமுள்ள மெக்கானிக் சக்கரத்தைத் தூக்கி வைத்துக் காலிப்பரின் பிளீடர் திருகை (ஆயிலை வெளியே விடும் திருகு) சற்றுத் தளர்த்துவார். உடனே சக்கரம் விடுபட்டுச் சுழன்றால், அழுத்தம் குழாயிலோ அதற்கு மேலோ அடைபட்டிருக்கிறது. திருகைத் தளர்த்தியும் இறுக்கமாகவே இருந்தால் குறை காலிப்பரில். ஒரு நிமிடச் சோதனை. தேவையில்லாமல் காலிப்பர் வாங்குவதைத் தடுக்கும்.

பிரேக் ஆயில் குறைந்திருந்தால் உடனே ஊற்றிவிடாதீர்கள். பேட் தேயத்தேய பிஸ்டன் வெளியே வருகிறது. அந்த இடத்தை ஆயில் நிரப்புவதால் டப்பாவில் மட்டம் இறங்கும். அப்படியானால் மட்டம் குறைந்ததே பேட் தேய்ந்ததன் அடையாளம். திடீரெனக் குறைந்தால் கசிவு. இன்னொன்று, டாட் (DOT) 3, டாட் 4 என்ற தர வகைப் பிரேக் ஆயில்கள் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது. ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. மலை இறக்கத்தில் சூடேறிய பிரேக்கில் ஆயில் கொதித்து ஆவிக்குமிழ் உண்டானால் பெடல் மெத்தென்று தரைவரை போய்விடும். அதனால்தான் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அதை மாற்றச் சொல்கிறார்கள். பழைய காரில் பலரும் மறந்துபோகும் வேலை இது.

சக்கரத்தைக் கழற்றி நீங்களே பார்ப்பதாக இருந்தால், சமதளத்தில் நிறுத்தி, தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை கொடுத்து, காரை ஸ்டாண்டின் மேல் உட்கார வையுங்கள். ஜாக்கி மட்டும் தாங்கும் காருக்கு அடியில் கையோ தலையோ போகக் கூடாது.

ஏ.சி.: குளிரை யாரும் உண்டாக்குவதில்லை

ஏ.சி. காருக்குள் இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே கொட்டுகிறது, அவ்வளவுதான். ஊசி போடும் முன் தடவும் ஸ்பிரிட் ஆவியாகும்போது தோல் சில்லிடுகிறதே, அதே இயற்பியல். கம்ப்ரஸர் கேஸை அழுத்திச் சூடாக்குகிறது. காரின் மூக்கில் இருக்கும் கண்டென்சரில் அந்தச் சூடு வெளிக்காற்றில் கலந்து, கேஸ் திரவமாகிறது. திரவம் எக்ஸ்பேன்ஷன் வால்வின் சிறு துளை வழியே பீறிட்டதும் அழுத்தம் சட்டென்று குறைந்து, டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் ஆவியாகி, அதன்மேல் ஓடும் காற்றின் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. பிறகு மீண்டும் கம்ப்ரஸருக்கு. இந்தச் சுற்றில் கேஸ் எங்கேயும் செலவாவதில்லை.

கடைசி வாக்கியம்தான் முக்கியமானது. பெட்ரோல்போல் கேஸ் தீர்ந்துபோகாது. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிந்திருக்கிறது. ரப்பர் குழாய்கள், ஓ-ரிங்குகள் (இணைப்புகளில் உள்ள ரப்பர் வளையங்கள்) வழியாகப் பல ஆண்டுகளில் கொஞ்சம் கசிவது பழைய காரில் இயல்பு. ஆனால் ஒரே பருவத்தில் குளிர்ச்சி போய்விட்டால், கசிவைக் கண்டுபிடிக்காமல் மீண்டும் நிரப்புவது பணத்தைக் காற்றில் விடுவதுதான்.

முதலில் இரண்டைப் பிரித்துக்கொள்ளுங்கள்: காற்று வரவில்லையா, வரும் காற்று குளிரவில்லையா? காற்றே மந்தமாக வந்தால் கேஸுக்கும் அதற்கும் பெரும்பாலும் சம்பந்தமில்லை. கேபின் ஃபில்டரை வெளியே எடுத்துப் பாருங்கள். இலையும் தூசியுமாக அடைத்திருக்கும். ஃபில்டரே இல்லாத பழைய மாடல்களில் அந்த அழுக்கு முழுவதும் கூலிங் காயிலின் மேல் போய் உட்கார்ந்திருக்கும். உள்ளே காற்றை ஊதும் ப்ளோயர் கடைசி வேகத்தில் மட்டும் சுற்றி, மற்ற வேகங்களில் நின்றுவிட்டால் வேகத்தைக் குறைத்துக் கொடுக்கும் ரெசிஸ்டர் போய்விட்டது. சிறிய பாகம், எளிய வேலை.

காற்று நன்றாக வந்தும் குளிரவில்லை என்றால், ஒரு சாதாரண வெப்பமானியை நடு வென்டில் செருகுங்கள். உட்காற்றையே சுழற்றும் நிலையில் வைத்து, ஏ.சி.யை முழுக் குளிரில் சில நிமிடம் ஓடவிடுங்கள். நல்ல நிலையில் உள்ள ஏ.சி. பொதுவாக 5 முதல் 10 டிகிரி வரை காட்டும். கடும் வெயிலிலும் புழுக்கத்திலும் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். இப்போது பானெட்டைத் திறந்து கம்ப்ரஸரின் முகப்பைப் பாருங்கள். பெல்ட் சுற்றும் புல்லி எப்போதும் சுழலும். அதன் நடுவே இருக்கும் கிளட்ச் தட்டு, ஏ.சி.யைப் போட்டதும் ‘டக்’ என்று ஒட்டிக்கொண்டு சேர்ந்து சுழல வேண்டும். சுழலவே இல்லை என்றால் ஃபியூஸ், ரிலே, கிளட்சுக்கு வரும் மின்சாரம், அல்லது கேஸ் மிகக் குறைந்ததால் அழுத்த சுவிட்ச் தடுத்துவிட்டது என்று பல வழிகள் உண்டு. ஒட்டுவதும் விடுவதுமாகச் சில நொடிகளுக்கு ஒருமுறை மாறினால் கேஸ் குறைவு என்பது வலுவான ஊகம். இதைப் பார்க்கும்போது தளர்ந்த துணி, தாவணி, கழுத்துச் சங்கிலி எதுவும் பெல்ட்டின் பக்கம் போகக் கூடாது. மின்விசிறி சொல்லாமல் சுழலத் தொடங்கும்.

இன்ஜினுக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவே உள்ள சுவரில் இரண்டு அலுமினியக் குழாய்கள் நுழையும். ஒன்று பருமன், மற்றது மெல்லியது. பருமனான குழாய் சில்லென்று குளிர்ந்து வியர்த்திருக்க வேண்டும். மெல்லியது வெதுவெதுப்பாக இருக்கும். பருமனான குழாய் நன்றாகக் குளிர்ந்தும் உள்ளே காற்று வெதுவெதுப்பாக வந்தால், குளிரை எங்கோ ஹீட்டர் கெடுக்கிறது. சூட்டையும் குளிரையும் கலக்கும் கதவு நடுவில் சிக்கியிருக்கலாம், அல்லது ஹீட்டருக்கு வெந்நீர் விடும் வால்வு மூடாமல் இருக்கலாம். டேஷ்போர்டுக்குள் ‘டிக் டிக்’ என்று தட்டிக்கொண்டே இருந்தால் அந்தக் கதவை நகர்த்தும் சிறு மோட்டாரின் பல் உடைந்திருக்கிறது. இத்தகைய காருக்கு எத்தனை முறை கேஸ் நிரப்பினாலும் பலன் இல்லை.

எப்போது குளிரவில்லை?

ஓடும்போது குளிர்கிறது, நெரிசலில் நின்றால் வெப்பக் காற்று வருகிறது. பழைய கார்களில் மிக அதிகமாகக் காணும் புகார் இதுதான். ஓடும்போது எதிர்க்காற்றே கண்டென்சரை ஆற்றிவிடுகிறது. நின்றால் மின்விசிறிதான் ஆற்ற வேண்டும். ஏ.சி.யைப் போட்டுவிட்டு விசிறி சுழல்கிறதா, வேகமாகச் சுழல்கிறதா என்று பாருங்கள். பழைய மோட்டார் சுழலும், ஆனால் வலுவில்லாமல் சுழலும். கண்டென்சரின் மெல்லிய தகடுகளுக்கு இடையே பூச்சியும் சேறும் அடைத்திருந்தாலும் இதே நிலைதான். சந்தேகமாக இருந்தால் கார் நின்றபடியே கண்டென்சரின் மேல் கொஞ்சம் தண்ணீரை மெதுவாக ஊற்றிப் பாருங்கள். உடனே உள்ளே குளிர்ச்சி கூடினால், வெப்பம் வெளியேறுவதில்தான் சிக்கல் என்பது உறுதி. விசிறி சுழலாத கார் இன்ஜினையும் கொதிக்கவைக்கும், ஏ.சி. புகார் அதற்கான முன்னறிவிப்பாகவும் இருக்கலாம்.

முதலில் நன்றாகக் குளிர்ந்து, அரை மணி, ஒரு மணி நேரத்தில் போய்விடுகிறது என்றால், அந்த நேரத்தில் காற்றின் வேகத்தைக் கவனியுங்கள். காற்றும் சேர்ந்து குறைந்தால் கூலிங் காயிலில் பனி உறைந்து வழியை அடைத்திருக்கிறது. ஏ.சி.யை அணைத்து ப்ளோயரை மட்டும் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டால் உருகி, மறுபடி குளிரும். காயிலின் வெப்பத்தைக் கண்காணிக்கும் சென்சாரைப் பார்க்க வேண்டும். காற்று குறையாமல் குளிர்ச்சி மட்டும் போனால், கிளட்ச் தட்டு சூட்டில் ஒட்ட முடியாமல் விடுபட்டிருக்கலாம்: தேய்மானத்தால் இடைவெளி கூடி, காந்தத்தின் பிடி போதாமல் போயிருக்கும். கிளட்சும் சுழல்கிறது, காற்றும் வருகிறது, குளிர்ச்சி மட்டும் வந்து வந்து போகிறது என்றால், கேஸோடு கலந்த ஈரம் எக்ஸ்பேன்ஷன் வால்வின் துளையில் உறைந்து உறைந்து உருகுகிறது. மூன்றையும் ‘கேஸ் கம்மி’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது எவ்வளவு தவறு என்பது இப்போது தெரியும்.

கேஸ் நிரப்பும் இடத்தில்

இன்ஜின் ஓடாதபோது மீட்டரை மாட்டிவிட்டு, ‘அழுத்தம் இருக்கிறது, கேஸ் இருக்கிறது’ என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். ஏ.சி. கேஸ் வகையான ஆர்-134ஏ, 30 டிகிரி வெப்பத்தில், சுற்றில் ஒரு துளி திரவம் மிஞ்சியிருக்கும் வரை ஏறத்தாழ 97 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு பவுண்டு) அழுத்தம்தான் காட்டும், முழுதாக இருந்தாலும் சரி, பாதி இருந்தாலும் சரி. எவ்வளவு இருக்கிறது என்று அறிய இருப்பதை வெளியே எடுத்து எடை போட வேண்டும். காருக்குத் தேவையான எடை பெரும்பாலும் பானெட்டுக்கு அடியில் ஒட்டிய சீட்டில் கிராமில் இருக்கும். கூடுதலாக நிரப்பினால் குளிர்ச்சி கூடாது; அழுத்தம் ஏறி, குளிர்ச்சி குறையும், கம்ப்ரஸரும் அடிவாங்கும்.

கசிவு தேடும்போது கண்ணையே முதலில் நம்பலாம். கேஸோடு கம்ப்ரஸர் எண்ணெயும் சுற்றுவதால், கசியும் இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கும் அதில் தூசியும் ஒட்டியிருக்கும். குழாய் இணைப்புகள், கம்ப்ரஸரின் முன்பக்க சீல், கல் பட்ட கண்டென்சரின் கீழ்ப்பகுதி ஆகியவற்றை முதலில் பாருங்கள். தெரியாவிட்டால் புற ஊதா ஒளியில் மின்னும் சாயம் கலந்து தேடுவார்கள். கசிவை உள்ளிருந்து அடைக்கும் ரசாயனங்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவை வால்வின் துளையையும் அடைக்கக்கூடியவை. சுற்றைத் திறந்து பழுது பார்த்தால் ஈரம் உறிஞ்சும் டிரையரை மாற்றி, வெற்றிடப் பம்பை அரை மணி நேரமாவது ஓட்டி, அதன் பிறகே கேஸ் நிரப்ப வேண்டும். இந்தப் படியைத் தவிர்த்தால் மேலே சொன்ன உறையும் ஈரம் உத்தரவாதம்.

காரில் எந்தக் கேஸ் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஓசோன் படலத்தைக் காக்க 1987இல் கையெழுத்தான மாண்ட்ரியல் உடன்படிக்கைக்குப் பிறகு, 1990களில் புதிய கார்கள் ஆர்-12இலிருந்து ஆர்-134ஏவுக்கு மாறின. அதற்கு முந்தைய காருக்குத் திருகு வகை நிரப்பும் வாயும் கனிம எண்ணெயும். பிந்தையதற்கு மாட்டும் வகை வாயும் பி.ஏ.ஜி. என்ற செயற்கை எண்ணெயும். ஒன்றுக்கு மற்றொன்றை அப்படியே நிரப்பக் கூடாது. இந்த வேலையை வீட்டில் செய்ய வேண்டாம். பீறிடும் திரவம் தோலையும் கண்ணையும் உறையவைத்துவிடும்.

சத்தம், வாடை, தண்ணீர்

காருக்கு அடியில் தண்ணீர் சொட்டுவது நல்ல அறிகுறி. காற்றின் ஈரம் காயிலில் படிந்து வெளியேறுகிறது. அது வெளியே சொட்டாமல் முன்னிருக்கையின் கால் விரிப்பு நனைந்தால், வடிகுழாய் அடைத்திருக்கிறது. புளித்த வாடை காயிலில் வளர்ந்த பூஞ்சையால் வருவது. சேருமிடத்துக்குச் சில நிமிடம் முன்னால் ஏ.சி.யை அணைத்து ப்ளோயரை மட்டும் ஓடவிட்டால் காயில் உலர்ந்து, வாடை குறையும். இனித்த வாடையோடு கண்ணாடியின் உட்புறம் பிசுபிசுவென்று படிந்தால் அது ஏ.சி. இல்லை, ஹீட்டரில் கூலன்ட் (இன்ஜினைக் குளிரவைக்கும் திரவம்) கசிவு.

ஏ.சி.யை அணைத்த பிறகு சில நொடி ‘உஸ்’ என்று கேட்பது இருபக்க அழுத்தமும் சமமாகும் ஒலி. ஏ.சி. போட்டதும் கிறீச்சிட்டால் பெல்ட்டைப் பாருங்கள். கரகரப்பு ஏ.சி. அணைந்திருக்கும்போதும் கேட்டு, போட்டதும் மாறினால் புல்லியின் பேரிங். அதை மட்டும் தனியாக மாற்ற முடியும் கார்கள் பல. ஏ.சி. போட்டால் மட்டும் கேட்டால் கம்ப்ரஸரின் உள்ளே. அதைத் தள்ளிப்போடாதீர்கள்: கம்ப்ரஸர் உடைந்தால் உலோகத் துகள் கண்டென்சர் வரை பரவி, ஒரு பாகத்தோடு முடிய வேண்டியது முழுச் சுற்றையும் கழற்றும் வேலையாகிவிடும். குளிர்காலத்திலும் வாரம் ஒருமுறை பத்து நிமிடம் ஏ.சி.யை ஓடவிடுங்கள், எண்ணெய் சுற்றினால்தான் கம்ப்ரஸரின் சீல் வறளாமல் இருக்கும்.